மருந்து கொடுக்கும் கை

நமது தேசத்தில் கல்வி என்னும் விருந்துக்குப் பந்தி பிரித்து வைத்திருக்கிறோம். முதல் பந்தியில் டாக்டர் படிப்பு சம்பிரமமாக உட்கார்ந்திருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் இஞ்சினீயர் படிப்பு. இவை இரண்டும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால், மற்றப் படிப்புக்களுக்கு இலை போடுவது வழக்கம். இந்தக் கடைசிப் பந்தியில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு படிப்பு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறோம். அதற்கு பி. பார்ம். என்று பெயர். மருந்தாளுநர் ஆவதற்கு உரிய பட்டப் படிப்பு. டாக்டர் காலேஜில் இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேருகிற இடம் என்று ஊரார் அதற்கு வியாக்கியானமும் செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் படிப்பைப் பற்றி இந்த வாரம் எழுத நேர்ந்ததற்குக் காரணம், நிலக்கோட்டை மல்லிகைப் பூ.

நண்பர் ஒருவர் வீட்டுக் கலியாணத்தின் பொருட்டு அந்தப் பக்கம் போயிருந்தோம். கொடைக்கானல் ரோடு என்று பலகை போட்டிருக்கும் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினோம். ஊரின் சொந்தப் பெயர் அம்மையநாயக்கனூர். மலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடம் என்பதற்காக வெள்ளைக்காரர்கள் காலத்தில் வைத்த பெயர் இன்னும் ஸ்டேஷனை விட்டு இறங்கவில்லை. அங்கிருந்து நிலக்கோட்டைக்குக் கொஞ்ச தூரந்தான். ஒரு திசையில் சிறுமலை, இன்னொரு திசையில் கொடைமலை, நடுவில் கண்ணுக்கு எட்டிய வரையில் பூந்தோட்டங்கள்.

மறுநாள் விடியற்காலையில் நண்பர் நம்மைப் பூச்சந்தைக்கு அழைத்துச் சென்றார். இருட்டோடு பறித்த அரும்புகள் வெயில் ஏறுவதற்குள் சந்தைக்கு வந்துவிட வேண்டும். அரும்பு வாயைத் திறந்துவிட்டால் விலை வாயை மூடிக்கொள்ளும். முகூர்த்த நாளென்றால் விலை மலை ஏறும். மறுநாளே பள்ளத்தில் உருளும். ஆகையால் தராசுக்கு முன்னால் எல்லோருக்கும் கண் கூர்மை அதிகம். நாம் போனபோது ஒரு தோட்டக்காரரும் ஒரு கமிஷன் கடைக்காரரும் பலமாக வழக்காடிக்கொண்டிருந்தார்கள். வழக்கு, ஐம்பது கிராம் பூவைப் பற்றியது.

வழக்கில் ஜயித்தவர் நம் நண்பருக்குத் தம்பி முறை ஆகவேண்டியவர். அவர் நம்மை விடவில்லை. "ஐயா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு யோசனையும் கேட்க வேண்டியிருக்கிறது" என்றார்.

யோசனை அவருடைய மகளைப் பற்றியது.

"இவளுக்கு டாக்டர் படிப்பின் மேல்தான் ஆசை, ஐயா. நீட் பரீட்சையில் மார்க்குப் போதவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். மருந்துப் படிப்புக்கு அந்த மார்க்கே போதும் என்கிறார்கள். சேர்க்கலாமா?"

"தாராளமாகச் சேர்க்கலாமே! தடை என்ன?"

"தடை ஒன்றுமில்லை. நிலக்கோட்டையிலேயே பெண்களுக்கு சர்க்கார் கலைக் கல்லூரி இருக்கிறது. செலவில்லாமல் அங்கேயே சேர்த்துவிடலாம் என்று இவள் அம்மா சொல்கிறாள். ஆனால் எனக்குத் தெரிந்த மருந்துக் கடை முதலாளி ஒருவர் வேறு மாதிரி சொல்கிறார். 'பெண் பி. பார்ம். பட்டம் வாங்கி வரட்டும். சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு என் கடையில் மாட்டிக்கொள்கிறேன். மாதாமாதம் ஒரு தொகை வீடு தேடி வரும். பெண் கடைக்கு வரவே வேண்டாம். கலியாணமாகி எந்தச் சீமைக்குப் போனாலும் வருமானம் நிற்காது' என்கிறார். நாலு வருஷம் தண்ணீர் ஊற்றினால் ஆயுசுக்கும் காய்க்கிற தென்னம்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று பார்க்கிறேன்."

அது வரையில் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த பெண் நின்றாள். நம்மைப் பார்த்துத்தான் கேட்டாள்:

"என் பேர் மட்டும் கடையில் இருந்தால், அங்கே மருந்து கொடுக்கிறது யார், ஐயா?"

தகப்பனார் சிரித்தார். "கடைப் பையன் கொடுப்பான். டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுக்க எதற்கம்மா பட்டம்?"

மகளுடைய கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. தகப்பனாருடைய கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். அவர் ஒருவர் மட்டும் கேட்கிற கேள்வி அல்ல அது; நம் வாசகர்களில் பாதிப் பேர் மனத்திலும் இருக்கக்கூடியது. ஆகையால் அதை இங்கேயே எடுத்துக்கொள்வோம்.

* * *

நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கம்பவுண்டரை நன்றாக ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டிலிருந்தே காலிப் புட்டியைக் கழுவி எடுத்துப் போக வேண்டும். டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் தடுப்புக்குப் பின்னால் நின்று நாலைந்து ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றிக் குலுக்கி, சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு கலவையைத் தருவார். புட்டியின் மேல் வேளைக்கு எவ்வளவு என்று காட்டும்படி வெட்டிய காகிதத் துண்டை ஒட்டுவார். மருந்தைக் கலப்பது ஒரு தொழில் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணால் பார்த்தார்கள்.

இப்போது கலக்குகிற வேலை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. மருந்துகள் பளபளவென்று அட்டையிலும் புட்டியிலும் அடைத்து வருகின்றன. ஆகவே கடையில் இருப்பவனுக்கு வேலை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான் என்று நினைத்துவிட்டோம். நியாயமாகப் பார்த்தால், மருந்தின் வீரியம் ஏற ஏற, கொடுக்கிறவனுடைய பொறுப்பும் ஏற வேண்டும்.

வீட்டில் தினம் நடக்கிற காரியத்தையே சொல்வோம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பாராஸிட்டமால் கொடுக்கச் சொல்கிறார்கள். கடையில் அந்த மருந்து மூன்று விதமாக இருக்கும். ஒரு வகைச் சர்பத்தில் 5 மில்லி லிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து. இன்னொரு வகையில் அதே 5 மில்லி லிட்டருக்கு 250 மில்லிகிராம். மூன்றாவது, சிசுக்களுக்கென்று சொட்டுக் கணக்கில் கொடுக்கும் மருந்து. அதில் ஒரே ஒரு மில்லி லிட்டரில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. சொட்டு மருந்தைச் சர்பத்து என்று எண்ணி ஒரு தாய் 5 மில்லி கரண்டியால் ஊற்றிவிட்டால், குழந்தையின் வயிற்றுக்குள் 500 மில்லிகிராம் போய்விடுகிறது. 120 போக வேண்டிய இடத்தில் நாலு மடங்குக்கு மேல்! புட்டியோ சிறியது, ஆகையால் மருந்தும் லேசானது என்று நினைப்பது மனித இயற்கை. புட்டியைக் கையில் கொடுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில், "அம்மா, இதற்குக் கரண்டி வேண்டாம், உள்ளே இருக்கும் குழாயால் இந்தக் கோடு வரையில் மட்டும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். கடைப் பையனுக்கு அந்தக் கணக்குத் தெரியுமா?

இன்னும் ஒன்று. மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மருந்து கொடுக்கிறார்கள். சிறிய மாத்திரை. அதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டும். வயோதிகர் ஒருவர் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் தினந்தோறும் விழுங்கிவந்தால், இரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடமே வறண்டு போய் உயிருக்கு ஆபத்து வரும். உலகத்தின் பல தேசங்களிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. டாக்டர் சரியாகத்தான் எழுதியிருப்பார். நோயாளி தப்பாகப் புரிந்துகொண்டிருப்பார். இருவருக்கும் நடுவில், "எந்தக் கிழமை சாப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்கிற ஒருவர் இருந்தால் போதும், ஓர் உயிர் நிற்கும்.

சர்க்கரை வியாதிக்காரர்களின் இன்ஸுலினைத் திறக்கும் வரையில் 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைத்திருக்க வேண்டும். உறைந்து போகவும் விடக் கூடாது. சித்திரை மாதத்து வெயிலில் பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கும் கிராமத்து மனிதரிடம் அதை எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்று யார் சொல்வது? கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் சிலவற்றை விற்கும்போது, எழுதிய டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று தனிப் புத்தகத்தில் பதிந்து மூன்று வருஷம் பத்திரப்படுத்த வேண்டுமென்று 2014 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும், 'தொண்டை வலி, மூன்று மாத்திரை கொடு' என்று கேட்டு வாங்கி, இரண்டைத் தின்று மூன்றாவதை மறந்துவிடுகிற நாம், கிருமிகளுக்குத் தேகப்பயிற்சி கொடுத்து வளர்த்து வருகிறோம். 'மாட்டேன்' என்று சொல்லக்கூடிய தைரியம் படிப்பிலிருந்துதான் வரும்.

* * *

இந்தப் படிப்பு நம் நாட்டுக்கு எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. சுதந்திரப் போராட்டத்தின் கதையோடு பிணைந்த கதை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் மருந்து கலப்பவர்களுக்கு வகுப்புக்கள் இருந்தன. ஆனால் அவை டாக்டருக்கு உதவியாள் தயாரிக்கிற வகுப்புக்கள். மருந்தைச் செய்வதும், சோதிப்பதும், அதன் சாஸ்திரத்தை ஆராய்வதும் சீமையில் நடக்கிற காரியங்கள் என்று வைத்திருந்தார்கள். அங்கிருந்து வந்த சரக்கோ எப்படியும் இருக்கலாம். தடுத்துக் கேட்கச் சட்டம் கிடையாது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தில்கூடக் கலப்படம் என்று கூக்குரல் கிளம்பியது. 1930-ஆம் வருஷத்தில் கர்னல் ராம்நாத் சோப்ரா தலைமையில் ஒரு விசாரணைக் கமிட்டியை சர்க்கார் நியமித்தார்கள். 1931-ல் அறிக்கை வெளியாயிற்று. மருந்துகளுக்கு ஒரு சட்டம் வேண்டும், அவற்றைக் கையாளுகிறவர்களுக்கு ஒழுங்கான கல்வி வேண்டும் என்று அது வற்புறுத்தியது.

சட்டம் வருவதற்கு முன்னாலேயே கல்வி வந்துவிட்டது. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய மகாதேவ லால் ஷ்ராஃப் என்பவர், பண்டித மாளவியாவின் ஆதரவோடு, காசி ஹிந்து சர்வகலாசாலையில் 1932-ல் மருந்து ரசாயனத்தைப் பாடமாகத் தொடங்கினார். 1937-ல் பி. பார்ம். பட்டப் படிப்பே அங்கு ஏற்பட்டுவிட்டது. இந்தியாவில் முதல் முதல் அதுதான். அவர் பிறந்த மார்ச் 6-ஆம் தேதியை இப்போது மருந்தியல் கல்வி தினமாகக் கொண்டாடுகிறார்கள். பிறகு 1940-ல் மருந்துச் சட்டம். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், பார்மஸி சட்டம். 1949-ல் இந்திய பார்மஸி கௌன்ஸில். பதிவு பெற்ற மருந்தாளுநர் அல்லாத எவரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்தோ எடுத்தோ கொடுக்கலாகாது என்பது அந்த 1948-ஆம் வருஷச் சட்டத்தின் உயிர்நாடி. புதிதாகப் பிறந்த ஒரு நாடு, தலைக்கு மேல் ஆயிரம் கவலைகள் இருந்தபோது, இதற்கென்று உட்கார்ந்து ஒரு சட்டம் செய்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைப்பதற்காகச் செய்யவில்லை.

வங்காளத்தில் பிரபுல்ல சந்திர ராய் 1901-ல் மருந்துக் கம்பெனியைப் பதிவு செய்ததும், பம்பாயில் குவாஜா அப்துல் ஹமீது 1935-ல் ஸிப்லாவை ஆரம்பித்ததும் இதே யாகத்தின் வேறு ஆஹுதிகள். நம் நோய்க்கு நாமே மருந்து செய்ய வேண்டும் என்ற வைராக்கியம் அது. இன்று உலகத்தின் ஏழை நாடுகள் பல இந்திய மருந்தை நம்பியிருக்கின்றன. ஆனால் அந்த நம்பிக்கைக்கு நாம் எப்போதும் தகுதியாக இருந்தோமா?

இதை எழுதக் கை கூசுகிறது. 2025-ஆம் வருஷம் மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து சாப்பிட்டு, சிறுநீரகம் கெட்டு இறந்து போனார்கள். அந்த மருந்து தயாரானது எங்கே? நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். சென்னையில் சர்க்கார் சோதனைச் சாலையில் அதைச் சோதித்தபோது, டை-எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவிகிதம் இருந்தது தெரிய வந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லையோ 0.1 சதவிகிதம். தொழிற்சாலைகளில் வேறு உபயோகங்களுக்காக உள்ள திரவம் அது, குடித்தால் தித்திக்கும்.

இந்த நஞ்சு உலகத்துக்குப் புதியதா என்றால், இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியார் ஸல்பா மருந்தை இந்தத் திரவத்தில் கரைத்து விற்றார்கள். விற்பதற்கு முன் ருசி பார்த்தார்கள், நிறம் பார்த்தார்கள், வாசனை பார்த்தார்கள். விஷமா என்று மட்டும் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மருந்து ஆபத்தற்றது என்று முதலில் நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த வருஷமே அங்கு பிறந்தது. நம் நாட்டில் 1986-ல் பம்பாய் ஆஸ்பத்திரி ஒன்றில் அதே நஞ்சால் 14 பேர் இறந்தார்கள். 2022-ல் இந்தியாவிலிருந்து போன சர்பத்துக்களோடு சம்பந்தப்படுத்தி ஆப்பிரிக்காவின் காம்பியா தேசத்தில் சுமார் 70 குழந்தைகளின் மரணம் பேசப்பட்டது. எண்பத்தெட்டு வருஷமாகப் பாடப் புத்தகத்தில் இருக்கிற நஞ்சு இது. வந்த சரக்கைச் சோதித்த பிறகே கலக்க வேண்டும் என்பது பி. பார்ம். மாணவனுக்குச் சொல்லித் தருகிற ஆரம்பப் பாடங்களில் ஒன்று. பாடம் இருந்தது. அதைச் செய்ய வேண்டிய கை அந்த இடத்தில் இல்லை, அல்லது இருந்தும் செய்யவில்லை. நிலக்கோட்டைப் பெண் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

* * *

அந்தப் படிப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நாலு வருஷம், எட்டுப் பருவங்கள். மனித தேகத்தின் அமைப்பு, அது நோயுறும் விதம், மருந்துகளின் ரசாயனம், மாத்திரையும் ஊசி மருந்தும் தயாரிக்கும் முறை, கிருமி சாஸ்திரம், மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, உடம்பு அந்த மருந்தை என்ன செய்கிறது, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைகள், மருந்துச் சட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம். கூடவே மூலிகைகளைப் பற்றிய ஒரு சாஸ்திரமும் உண்டு.

மூலிகை என்றதும் திண்டுக்கல் சீமை மாணவர்களுக்கு ஒரு சௌகரியம். ஒட்டன்சத்திரம் பக்கத்திலும், அப்பால் மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரங்களிலும் கண்வலிக் கிழங்கு பயிராகிறது. நெருப்புக் கொழுந்து போல் பூக்கும் செங்காந்தள்தான் அது. தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் விதையிலிருந்து கோல்சிஸின் என்னும் மருந்துச் சத்தை எடுக்கிறார்கள். கௌட் என்னும் வாத நோயில் கட்டை விரல் வீங்கித் துடிக்கிறவர்களுக்கு அரை மில்லிகிராம் மாத்திரை நிவாரணம் தருகிறது. அதே சத்து சில மாத்திரை அளவு கூடினால் குடலையும் இரத்தத்தையும் நாசம் செய்துவிடும். செடி ஒன்று, சத்து ஒன்று. மருந்தாவதும் நஞ்சாவதும் அளவில் இருக்கிறது. அந்த அளவைக் காப்பதற்குத்தான் ஒரு மனிதரை நாலு வருஷம் படிக்க வைக்கிறார்கள்.

இதை நாம் சொன்னபோது பூந்தோட்டக்காரர் வாய் திறக்கவில்லை. காலையில் ஐம்பது கிராமுக்காகப் போராடியவர் அல்லவா? அரை மில்லிகிராம் என்றால் அந்த ஐம்பது கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்குச் சொன்னோம். "அப்படியா!" என்று தராசு பிடித்த கையைப் பார்த்துக்கொண்டார்.

* * *

ஆயினும் அவர் சுலபத்தில் விடுகிறவர் அல்ல. "எல்லாம் சரி, ஐயா. சம்பளம்?" என்றார்.

நியாயமான கேள்வி. நாலு வருஷம் படித்தவருக்கு மருந்துக் கடைகளில் கொடுக்கும் சம்பளம் பல இடங்களில் வெட்கப்படத் தக்கதாக இருக்கிறது. சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு விடும் வழக்கம் பிறந்ததே இதனால்தான். வேலைக்கு வந்தால் சொற்பம். வராமலே இருந்தால் அதிலும் கொஞ்சம் குறைத்து ஒரு சொற்பம். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமில்லை என்றால், வராமல் இருப்பதே புத்திசாலித்தனம் என்று இளைஞர்களுக்குத் தோன்றுகிறது. இதில் முதலாளியின் பேராசை மட்டுமல்ல, சம்பளத்தைக் கொடுக்க விரும்பாமல் சல்லிசாக மருந்து கேட்கும் நம்முடைய பங்கும் இருக்கிறது.

ஆனால் இது என்ன வாடகை? வீட்டை வாடகைக்கு விட்டால் வீடு அங்கே இருக்கிறது. மாட்டை வாடகைக்கு விட்டால் மாடு போய் உழுகிறது. சர்ட்டிபிகேட்டை வாடகைக்கு விட்டால், அது சாட்சி சொல்லும் படிப்பு அந்தக் கடையில் இல்லை. 'இங்கே படித்தவர் ஒருவர் இருக்கிறார்' என்று சுவரில் மாட்டிய ஒரு பொய் மட்டும் இருக்கிறது. 2015-ஆம் வருஷத்துப் பார்மஸித் தொழில் விதிகள் வேலைக்கு வராமல் சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுப்பதைத் தொழில் ஒழுங்கீனம் என்று கண்டித்துச் சொல்கின்றன. அந்தக் கடையில் ஒரு குழந்தைக்கு மருந்து மாறிப் போனால், பதில் சொல்ல வேண்டிய பெயர் யாருடையது? எந்தச் சீமையிலோ குடித்தனம் செய்துகொண்டிருக்கும் இந்தப் பெண்ணுடைய பெயர். தென்னம்பிள்ளை என்று நினைத்து நட்டது, தலையில் விழக் காத்திருக்கும் தேங்காயாக முடியும்.

கடை ஒன்றுதான் கதி என்பதும் இல்லை. மருந்துத் தொழிற்சாலைகளில் தயாரிப்பும் தரப் பரிசோதனையும் இருக்கின்றன. சர்க்காரின் மருந்து ஆய்வாளர் பதவிக்கு உரிய தகுதிகளில் இந்தப் பட்டம் முதன்மையானது. கடைகளையும் தொழிற்சாலைகளையும் சோதிக்கும் அதிகாரம் அவர்களிடந்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரி உத்தியோகங்களுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தார் அவ்வப்போது ஆள் எடுக்கிறார்கள். சொந்தமாகக் கடை வைக்க விரும்புகிறவர்களுக்கும் வழி உண்டு. 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 'முதல்வர் மருந்தகம்' என்ற பெயரில் 1000 கடைகள் திறக்கப்பட்டபோது, பி. பார்ம்., டி. பார்ம். படித்தவர்கள் சர்க்கார் மானியத்தோடு அவற்றை ஏற்று நடத்த இடம் கொடுத்தார்கள்.

பெண்ணைச் சேர்ப்பதற்கு முன் விசாரிக்க வேண்டியவற்றையும் சொல்லி வைத்தோம். கல்லூரிக்குப் பார்மஸி கௌன்ஸிலின் அங்கீகாரம் உண்டா என்பது முதல் விசாரணை. அது இல்லாவிட்டால் நாலு வருஷம் கழித்துப் பதிவேட்டில் பெயர் ஏறாது. நிலக்கோட்டைக்குப் பக்கத்திலேயே, மதுரை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சர்க்கார் மருந்தியல் கல்லூரி இருக்கிறது, செலவும் குறைவு. இடம் கிடைக்காவிட்டால் இரண்டு வருஷ டி. பார்ம். முடித்து, பிறகு பி. பார்ம். இரண்டாம் வருஷத்தில் நேராகச் சேரலாம். டி. பார்ம். படித்தவர்கள் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சியும் பெற வேண்டும். அந்த மணிகளைக் காகிதத்தில் மட்டும் நிரப்பாமல் இருந்தால், அதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

"பெண் பிள்ளை கடையில் நின்று வியாபாரம் செய்வதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. தாயார்.

அதற்கு நாம் பதில் தேடி அதிக தூரம் போகவில்லை. சின்னாளப்பட்டிக்குத்தான் போனோம். இளம் வயதில் கணவரைப் பறிகொடுத்த சௌந்தரம் என்ற பெண், ஊரார் பேச்சைப் பொருட்படுத்தாமல் டில்லிக்குப் போய்ப் படித்து 1936-ல் டாக்டராகி, 1947-ல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு இங்கே காந்திகிராமத்தை ஸ்தாபித்தார். ஏழைத் தாய்மார்களுக்கு அவர் தொடங்கிய கஸ்தூரிபா ஆஸ்பத்திரி வளர்ந்து நிற்கிறது. காந்திகிராமத்தில் லக்ஷ்மி சேவா சங்கத்தார் சித்த, ஆயுர்வேத மருந்துகள் செய்து வருகிறார்கள். நிலக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். "அந்த அம்மாள் நோயாளியின் பக்கத்தில் நின்றது கௌரவம் என்றால், உங்கள் பெண் மருந்தின் பக்கத்தில் நிற்பதும் கௌரவந்தான், அம்மா" என்றோம். உள்ளே மௌனம். மறுபடி காப்பி வந்தது; இம்முறை டிகிரி காப்பி. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

* * *

ஊருக்குத் திரும்பிய சில நாளில் நிலக்கோட்டையிலிருந்து டெலிபோன் வந்தது. கலந்தாய்வில் மதுரையை முதல் இடத்தில் எழுதப்போவதாகப் பெண் சொன்னாள். "அப்பா அந்தக் கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஐயா. அவர் சிரித்துக்கொண்டு, 'உங்கள் பெண் இல்லாவிட்டால் வேறு ஒரு பெண்' என்றாராம்."

அந்தச் சிரிப்புத்தான் நம்மை வருத்துகிறது. ஒரு தகப்பனார் மறுத்துவிட்டார். இன்னும் எத்தனை வீடுகளில் அந்தத் தென்னம்பிள்ளை நட்டிருக்கிறார்களோ! சட்டம் ஒரு கையால் செய்ய முடியாததை, வாங்குகிற ஜனங்கள் செய்ய முடியும். நேயர்கள் அடுத்த தடவை மருந்துக் கடைக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். சுவரில் மாட்டியிருக்கும் சர்ட்டிபிகேட்டில் உள்ள பெயரைப் படியுங்கள். பிறகு, "இவர் எங்கே? இந்த மருந்தைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

பெயருக்கு உரியவர் உள்ளேயிருந்து எழுந்து வந்தால், அவருக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். எவரும் வராவிட்டால், பக்கத்துக் கடைக்கு நடந்து போங்கள்.